முதல் எழுத்து

எங்கள் கிளையின் டோக்கன் பலகை ஒரு வாரமாகப் பிதற்றிக்கொண்டிருந்தது. 47 என்று அனுப்பினால் இரண்டு கட்டங்களும் ஒரு கொக்கியும் வரும். நான் எழுந்து நின்று எண்ணைக் கூவினேன். பழுது பார்க்க வந்த பையன் பலகையைத் திறக்கவே இல்லை. அணைத்துப் போட்டு, கவுன்ட்டர் கணினியிலிருந்து ‘யூ’ என்ற ஆங்கில எழுத்தை அனுப்பினான். பலகைக்குப் புத்தி வந்துவிட்டது. ஏன் தம்பி யூ என்றேன். “அதுலதான் சார் வேகம் தெரியும்” என்றான்.

கேட்டுத் தெரிந்துகொண்டது இது. கணினிக்கும் பலகைக்குள் இருக்கும் மைக்ரோகன்ட்ரோலருக்கும் நடுவே ஓடும் கம்பியில் தாளம் போட ஆள் கிடையாது. ஒரு பிட் எவ்வளவு நேரம் நிற்கும் என்பதில் இருவருக்கும் முன்பே உடன்பாடு வேண்டும். வினாடிக்கு 9600 என்றால் ஒரு பிட்டுக்கு ஏறக்குறைய 104 மைக்ரோவினாடி. கேட்பது 4800 என்று நினைத்துக்கொண்டிருந்தால், சொன்னதிலும் பிழையில்லை, கம்பியிலும் பழுதில்லை, வந்து சேர்வது மட்டும் உளறல். (தந்திப் பொறியாளர் எமில் போதோவின் பெயரைக் குறுக்கித்தான் இந்த வேகத்துக்கு ‘பாட்’ என்று பெயர்.)

உடன்பாடு இல்லாதபோது சில்லு தானே அளந்துகொள்கிறது. யூவின் எண் 85; பிட்டுகளாக 01010101. கடைசி பிட் முதலில் போகும். முன்னால் தொடக்க பிட் பூஜ்யம், பின்னால் நிறுத்த பிட் ஒன்று. ஆக, பூஜ்யமும் ஒன்றும் மாறி மாறிப் பத்து. கம்பி ஐந்து முறை விழுகிறது. முதல் விழுதலிலிருந்து ஐந்தாவது வரை சரியாக எட்டு பிட் நேரம். எட்டால் வகுத்தால் போதும். கார்களுக்குள் ஓடும் லின் இணைப்பில் ஒவ்வொரு செய்திக்கும் முன்னால் இதே 85தான் போகிறது.

வேறு எழுத்து வந்தால்? முதல் பள்ளத்தை மட்டும் அளக்கிற எளிய சில்லுகள் உண்டு. ‘ஏ’ என்றால் தப்பிக்கும். ‘பி’ என்றால் தொடக்க பிட்டும் எழுத்தின் முதல் பூஜ்யமும் ஒட்டி ஒரே பள்ளமாகிவிடும். பேசுவது பாதி வேகக்காரன் என்று சில்லு முடிவு கட்டிவிடும். அதற்குச் சந்தேகமே வராது. ‘தானாக’ என்ற சொல்லை நான் இப்போது நம்புவதில்லை. வேகத்தைப் பற்றிய உடன்பாடு போய், முதல் எழுத்தைப் பற்றிய உடன்பாடு வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

மூன்று வருஷத்துக்கு முன் ஒரு கவிஞரின் முதல் தொகுதியைப் பற்றி இதே பக்கங்களில் எழுதினேன். தொடக்கக் கவிதை மிக மெதுவானது. அந்த நிதானத்தை வைத்துக்கொண்டே மிச்சத்தையும் படித்தேன். ‘அவசரம், சிதைந்த வாக்கியங்கள்’ என்று எழுதினேன். சிதைவு எந்தப் பக்கத்தில் நிகழ்ந்தது என்ற கேள்வி எனக்கு எழவே இல்லை. பி.ஏ. வகுப்பில் பழகிய ஒரு மாதிரி அடங்கிய குரல்தான் எனக்கு யூ. அதை அவர் முதலில் சொல்லியாக வேண்டும் என்று எதிர்பார்த்தேன். எதிர்பார்ப்பது எனக்கே தெரியாதபோது அவருக்கு எப்படித் தெரியும்? அவர் பதில் எழுதவில்லை. பிறகு எந்தப் பத்திரிகையிலும் அவரை நான் பார்க்கவில்லை.

நேற்று அந்தத் தொகுதியைத் தேடியெடுத்தேன். முதல் கவிதையைத் தள்ளிவிட்டு, பதினான்காம் பக்கத்திலிருந்து படிக்கிறேன். அவருடைய பழைய முகவரிதான் என்னிடம் இருக்கிறது.