பங்குனியில் புளியறைக் கணவாய்

குற்றாலம் என்றதும் நம்மவர்களுக்கு ஆனியும் ஆடியுந்தான் ஞாபகத்திற்கு வரும். சாரல், அருவி, எண்ணெய் தேய்த்த தலை, ஈர வேஷ்டி! பங்குனியில் தென்காசிப் பக்கம் போகிறேன் என்று ஒருவர் சொன்னால், அவருக்கு அங்கே ஏதோ கோர்ட்டு வழக்கு இருக்கிறதென்றே எண்ணிக்கொள்வார்கள். அருவிப் பாறைகள் காய்ந்து கறுத்துக் கிடக்கும் காலம் அது. ஆனால் அந்தச் சாரல் எந்த வாசல் வழியாக வருகிறது என்று பார்க்க விரும்புகிறவர்களுக்கு அதுவே தக்க சமயம். மேகத் திரை விலகி, மலையின் உருவம் முழுமையும் தெரியும்.

மேற்குத் தொடர்ச்சி மலை பெரிய மதில். தென்மேற்குக் காற்று கொண்டுவரும் மழையில் பெரும்பங்கை அது மலையாளத்துப் பக்கமே நிறுத்திவிடுகிறது. அந்த மதில் செங்கோட்டைக்கு மேற்கே தாழ்ந்து ஓர் இடைவெளி விடுகிறது. அதற்கு ஆரியங்காவுக் கணவாய் என்று பெயர். அவ்வழியே தப்பி வரும் ஈரக் காற்றுத்தான் நமக்குச் சாரல். அதே காற்றுத்தான் கிழக்கே சுரண்டைப் பக்கத்துக் காற்றாலைகளையும் சுழற்றுகிறது. இக்கணவாயின் கீழ்வாசலில், வயல்களுக்கும் தென்னந்தோப்புகளுக்கும் நடுவே இருக்கிறது புளியறை.

சென்ற பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான், என் மனைவி, குழந்தைகள் இருவர், எழுபது வயதான என் தாயார் ஆகிய ஐவரும் அங்கிருந்து மேலே கோட்டைவாசல் வரை நடந்து போவதென்று தீர்மானித்தோம். கோடையில் காட்டுத் தீ அபாயம் உண்டாகையால், காட்டுக்குள் நுழையாமல் ரஸ்தா வழியே போவதுதான் முறை. தூக்குச் சட்டியில் புளியோதரையும் தயிர்சாதமும் இருந்தன. புதிதாகப் போட்ட மாவடுவும் இருந்தது. “ஆச்சியால் நடக்க முடியுமா?” என்று பேரன் கேட்டான். “நீ நடப்பியா, அதைச் சொல்லு முதல்லே” என்றாள் ஆச்சி.

புளியறைச் சிவன் கோயிலுக்கு 27 நக்ஷத்திரங்களின் கணக்கில் 27 படிகள். ஸ்வாமிக்கும் நந்திக்கும் நடுவில் தக்ஷிணாமூர்த்தி எழுந்தருளியிருப்பது இங்கே விசேஷம். வியாழக்கிழமைகளில் கூட்டம் அதிகம். பகைவருக்கு அஞ்சிச் சிதம்பரத்து நடராஜ மூர்த்தியைக் கொண்டுவந்து இவ்வூரில் ஒரு புளியமரப் பொந்தில் ஒளித்து வைத்தார்கள், அதனால் புளியறை என்று பெயர் வந்தது என்பது ஸ்தல புராணம். பதினேழாம் நூற்றாண்டில் அம்மூர்த்தி பல வருஷங்கள் தில்லையை விட்டு வெளியூரில் இருந்ததற்குச் செப்பேட்டு ஆதாரம் உண்டு. இந்தப் பொந்துதானா என்று சரித்திர வாத்தியார்கள் சண்டை போடட்டும். ஒளித்து வைக்க இடம் தேடுகிறவன் இந்த மலையடிவாரத்தைத் தேர்ந்தெடுத்திருந்தால் அவனை நான் புத்திசாலி என்பேன்.

ஊரைத் தாண்டியதும் ஏற்றம் ஆரம்பமாகிறது. இருபுறமும் மலைச்சரிவு நெருங்கி வருகிறது. இலையெல்லாம் உதிர்த்துவிட்டு நெருப்புப் போலப் பூத்து நின்றது ஓர் இலவ மரம். புங்கமரங்கள் எண்ணெய் தடவினாற்போல் மினுமினுக்கும் தளிர் விட்டிருந்தன. தேக்குகள் மட்டும் மொட்டையாக நின்றன. என் பெண் இலவம் பூக்களைப் பொறுக்கி மடி நிறையச் சேர்த்தாள்.

‘எஸ்’ எழுத்தைப் போல ரஸ்தா வளையும் இடம் வந்தபோது இந்த ரஸித்தல் எல்லாம் நின்றுவிட்டது. கொல்லத்திலிருந்து திருமங்கலம் செல்லும் தேசீய நெடுஞ்சாலை இது. பாரம் ஏற்றிய லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக முனகிக்கொண்டு ஏறுகின்றன. அவை வரும்போதெல்லாம் குழந்தைகளைச் சரிவோடு ஒட்டி நிறுத்திக் கையைப் பிடித்துக்கொண்டோம். காய்கறியும் வைக்கோலும் போவதில் நமக்கு மகிழ்ச்சியே. ஆனால் நம் பக்கத்துக் குன்றுகளை உடைத்த கல்லும் தூளுமே மிகுதியாகப் போகின்றன. திரும்பும் வண்டிகள் சில, அங்கிருந்து ஆஸ்பத்திரிக் கழிவும் குப்பையும் ஏற்றிவந்து இப்பக்கம் கொட்டுவதும், புளியறைச் சோதனைச் சாவடியில் பிடிபடுவதும் பத்திரிகைகளில் வந்த செய்தி. குன்றைக் கொடுத்துக் குப்பையை வாங்கும் இப்பண்டமாற்று எந்தப் பொருளாதார சாஸ்திரத்தில் இருக்கிறதோ! காட்டு யானைகள் இறங்கித் தென்னைகளைச் சாய்க்கின்றன என்று அடிவாரத்து விவசாயிகள் அழுகிறார்கள். அதற்கு யானையை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ரஸ்தாவைப் போலவே ரயிலும் இக்கணவாயை நாடி வந்தது. கொல்லம் - செங்கோட்டை மீட்டர் கேஜ் பாதை 1904-ல் பூர்த்தியாயிற்று. மலையைக் குடைந்து குகை. அப்பால் கழுதுருட்டியில் பதின்மூன்று கண் பாலம். இந்த வழியிலுள்ள புனலூரில் காட்டிலாகா உத்தியோகம் பார்த்தவர்தான் செங்கோட்டை வாஞ்சிநாதன். 1911 ஜூன் 17-ல் மணியாச்சி ஸ்டேஷனில் கலெக்டர் ஆஷைச் சுட்டுத் தம்மையும் மாய்த்துக்கொண்டபோது அவருக்கு வயது இருபத்தைந்து. “அவர் இந்த மலையைப் பார்த்திருப்பாரா, அப்பா?” என்று பையன் கேட்டான். “நன்றாகப் பார்த்திருப்பார்” என்றேன்.

கோட்டைவாசலில் கருப்பசாமி கோயில் இருக்கிறது. லாரி ஓட்டிகள் இறங்கிக் கும்பிட்டு, விபூதி இட்டுக்கொண்டு போகிறார்கள். அங்கேதான் இரண்டு ராஜ்யங்களின் எல்லை. பெயர்ப்பலகையில் எழுத்து மாறுகிறதே தவிர, காற்றிலும் மரத்திலும் மாறுதல் ஒன்றும் தெரியவில்லை. குழந்தைகள் தரையில் கோட்டைத் தேடினார்கள். 1956 நவம்பர் 1-ம் தேதிக்கு முன்பு இந்த எல்லையே இங்கே இல்லை. செங்கோட்டையும் திருவிதாங்கூர் ஸமஸ்தானத்தைச் சேர்ந்ததுதான். ராஜ்யங்களை மொழிவாரியாகப் பிரித்தபோது செங்கோட்டைப் பகுதி சென்னையோடு சேர்ந்தது. ஆரியங்காவு கேரளத்தில் நின்றது. ஆயினும் அங்குள்ள சாஸ்தாவுக்கு மார்கழியில் திருக்கல்யாணம் நடக்கும்போது, பெண் வீட்டாராக வருகிறவர்கள் இன்றைக்கும் மதுரைச் சௌராஷ்டிரர்களே. சம்பந்திகளுக்கு எல்லை ஏது?

ஒரு மர நிழலில் சாப்பிட உட்கார்ந்தோம். என் தாயார் பிறந்தது புனலூர். கல்யாணமாகிச் செங்கோட்டைக்கு வந்தது மீட்டர் கேஜ் ரயிலில். குகைக்குள் வண்டி நுழைந்ததும் பெட்டி முழுவதும் இருட்டாகி, பிள்ளைகள் கூச்சலிட்டதையும், புது மணப்பெண்ணான தான் பயந்து பக்கத்திலிருந்த மாமியார் கையைப் பிடித்ததையும் சொன்னாள். பிறகு சிறிது நேரம் பேசவில்லை. 2010-ல் அகலப் பாதை போடுவதற்காக ரயிலை நிறுத்தினார்கள். மீண்டும் முழுவதும் ஓடியது 2018-ல். அந்த எட்டு வருஷத்தில் என் மாமா படுக்கையில் விழுந்தார், போய்விட்டார். பஸ்ஸில் இந்த வளைவுகளில் ஏறினாலே அம்மாவுக்குத் தலைசுற்றி மயக்கம் வரும். அண்ணனை அவள் கடைசியாகப் பார்த்தது இரண்டே தடவை. “பாதை நல்லாத்தான் போட்டிருக்கான். அண்ணன் இருக்கையிலே போட்டிருக்கலாம்” என்றாள். என் மனைவி மாவடுவை எடுத்து அவள் இலையில் வைத்தாள்.

வெயில் சாயத் தொடங்கியதும் இறங்கினோம். போக விரும்பும் நேயர்கள் விடியற்காலையில் புறப்படுவது நலம். வழியில் நல்ல தண்ணீரை நம்ப வேண்டாம். வளைவுகளில் குழந்தைகளை மலைப்பக்கமாகவே நடத்திச் செல்லுங்கள். இலையையும் காகிதத்தையும் வீட்டுக்கே திருப்பிக் கொண்டுவாருங்கள். கொட்டுவதற்கு அங்கே வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

அடிவாரத்தை நெருங்கும்போது பகவதிபுரம் பக்கமிருந்து ரயிலின் ஊதல் கேட்டது. அம்மா நின்று, அது குகையை நோக்கிப் போகிறதா, ஊரை நோக்கி வருகிறதா என்று காது கொடுத்துக் கேட்டாள். “மேலேதான் போகுது” என்றாள். சித்திரை விஷுவுக்கு மாமா பேரனுக்குக் கைநீட்டம் கொடுக்கப் புனலூர் போக வேண்டுமென்றும், ஜன்னலோரமாக இடம் வேண்டுமென்றும் வீடு வருவதற்குள் மூன்று தடவை சொல்லிவிட்டாள்.