உபயப் பட்டியல் திரும்பி வந்த கதை

 

போன மாசம் நம்ம கோவில் ஆபிஸ்ல நாலு நாள் கையாலதான் ரசீது எழுதினோம். ஏன்னு கேட்டவங்ககிட்ட "கம்ப்யூட்டர் வேலை நடக்குது"ன்னு சொல்லி நழுவிட்டோம். நடந்தது இதுதான்.

மடப்பள்ளிக்குப் பக்கத்து அறையில இருக்கிற பழைய மெஷினைத்தான் நாங்க பெருமையா சர்வர்னு சொல்லிக்கிறோம். உபயப் பட்டியல், ஆண்டுக் கூட்டக் குறிப்பு, கணக்கு, கும்பாபிஷேகப் படங்கள் எல்லாம் அதுலதான். திறந்து பார்த்தா விசிறி முழுக்க விபூதி! அதுல ஓடின விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓட ஆதரவு முடிஞ்சுபோச்சு. விண்டோஸ் 11 போடலாம்னா, அது கேட்கிற டிபிஎம் 2.0 இதுல இல்ல. திருவிழாச் செலவு இருக்கிற நேரத்துல புது மெஷினுக்கு கமிட்டிகிட்ட பணம் கேட்க மனசு வரல. அதனால இலவசமா கிடைக்கிற, 2029 வரை ஆதரவு உள்ள உபுண்டு 24.04-ஐப் போட்டு, சாம்பா வழியா ஃபோல்டர்களைப் பகிரலாம்னு முடிவு பண்ணோம்.

பயம் இல்லாம இல்ல. 2018 அக்டோபர்ல வந்த விண்டோஸ் 10 அப்டேட், சிலரோட சொந்தக் கோப்புகளையே அழிச்சதால மைக்ரோசாப்ட் அதைப் பாதியில நிறுத்தினது ஞாபகம் இருந்தது. அதனால டி டிரைவை ரெண்டு வெளி ஹார்ட் டிஸ்க்குல காப்பி எடுத்தோம். ஒண்ணு ஆபிஸ்ல, இன்னொண்ணு ஒரு தொண்டர் வீட்டுல. கோப்பு எண்ணிக்கையும் அளவும் ஒத்துப்போச்சு. பிள்ளையாருக்குத் தேங்காய் உடைச்சுட்டுத்தான் பழைய டிஸ்க்கை அழிச்சோம்.

புது சிஸ்டம் ஏறிடுச்சு. கோப்புகளும் ஒண்ணு குறையாம திரும்பி வந்துடுச்சு. உபயப் பட்டியலைத் திறந்தோம். தமிழ் ஒரு எழுத்துகூட இல்ல. தலையில கொம்பு முளைச்ச ஆங்கில எழுத்துதான் பக்கம் பூரா.

திருவிழாவுக்கு மூணு வாரம்தான் இருந்தது. தோட்டம் உடைஞ்சு ஆளுக்கொரு தாமானுக்குப் போன பிறகு, எந்த லயத்துக்கு எந்த நாள், யாருக்குப் பிறகு யார் உபயம் எடுக்கணும்னு இருக்கிறது அந்தக் கோப்புல மட்டும்தான். அழைப்பிதழ்ல தலைக்கட்டு பேர் மட்டுமே வரும்.

காரணம் அப்புறம்தான் பிடிபட்டது. அந்தப் பட்டியல் முரசு எழுத்துருவுல, டிஸ்கி முறையில டைப் பண்ணினது. நம்ம நாட்டு முத்து நெடுமாறன் உருவாக்கின முரசு அப்போ இங்க பல ஆபிஸ்ல இருந்தது. யூனிகோடுல தமிழுக்குன்னு தனி இடம் உண்டு. டிஸ்கியில அப்படி இல்ல. ஐரோப்பிய எழுத்துகள் உட்கார்ற இடத்துலதான் தமிழ் உட்காரும். எழுத்துரு இருந்தா தமிழ், இல்லன்னா கொம்பு. அந்த எழுத்துரு இருந்தது சி டிரைவ்ல, விண்டோஸ் ஃபோல்டருக்குள்ள. "அதுல நம்ம டேட்டா ஒண்ணும் இல்ல"ன்னு நாங்களே அழிச்சுட்டோம்.

பட்டியலை டைப் பண்ணின பழைய செயலாளர் அம்மாவைத் தேடிப் போனோம். கேட்டுட்டு, "ஏட்டை எடுத்துட்டு எழுத்தை விட்டுட்டு வந்துட்டீங்களாப்பா"ன்னு சிரிச்சாங்க. அவங்க ஸ்டோர் ரூம்ல, பழைய கைலி போட்டு மூடின கம்ப்யூட்டர் ஒண்ணு. அதுல இருந்தது எழுத்துரு! கொண்டுவந்து போட்டதும் பட்டியல் வந்துடுச்சு. அப்புறம் என்எச்எம் கன்வர்ட்டர்ல யூனிகோடுக்கு மாத்தி, வரி வரியா அந்த அம்மா வாசிக்க வாசிக்க நாங்க சரி பார்த்தோம்.

கடைசிப் பக்கத்துல ஒரு குறிப்பு இருந்தது. வாரிசு இல்லாம போன மூணு பேரோட பேருக்கு மூணாம் நாள் கோவிலே அர்ச்சனை பண்ணணும்னு. நாங்க வருஷா வருஷம் முதல் பக்கத்தை மட்டும்தான் பிரிண்ட் எடுத்திருக்கோம். எத்தனை வருஷமா அந்த அர்ச்சனை விட்டுப்போச்சோ, அம்மாளுக்குத்தான் தெரியும். ஐயர்கிட்ட பேரை எழுதிக் கொடுத்தாச்சு.

இப்போ மாசத்துக்கு ஒரு தடவை, காப்பியிலிருந்து ஏதாவது நாலு கோப்பை வேற மெஷின்ல திறந்து வாசிச்சுப் பார்க்கிறோம். பழைய தமிழ்க் கோப்புகளை பிடிஎஃப்-ஆவும் வச்சிருக்கோம்.

உங்க வீட்டுல கோவில் சம்பந்தமான பழைய சிடி, கோப்பு, தோட்டத்துக் கோவில் படம் ஏதாவது இருந்தா வெள்ளிக்கிழமை சாயங்கால பூஜை முடிஞ்சு ஆபிஸுக்குக் கொண்டு வாங்க. டிஸ்கட்டா இருந்தாலும் பரவாயில்ல. அதை வாசிக்கிற டிரைவ் அந்த அம்மா வீட்டுக் கம்ப்யூட்டர்ல இன்னும் வேலை செய்யுது.