அடக்கம்

"கோடு எதுக்குக் கறுப்பா இருக்கணும்?" என்று மாமா கேட்டதுதான் பார்கோடு பற்றி எங்கள் குடும்பத்தில் நடந்த முதல் வாக்குவாதம். மதுரையில் விளக்குத்தூண் பக்கம் அவருக்கு ஜவுளிக்கடை. 2005 வாக்கில் மச்சான் பி.காம். முடித்த கையோடு கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டரையும் ஸ்டிக்கர் பிரிண்டரையும் கொண்டுவந்து வைத்தான். முகூர்த்தப் பட்டிலும் மாப்பிள்ளை வேட்டியிலும் கறுப்புக் கறுப்பாகக் கோடு போட்ட காகிதத்தை ஒட்டுவதா என்று மாமாவுக்கு மனசு ஒப்பவில்லை. மஞ்சள் காகிதத்தில் சிவப்புக் கோடு, பார்க்க மங்களகரமாக இருக்கும் என்றார். சிவப்பு ரிப்பன் கிடைக்கத்தான் செய்தது. அடித்தார்கள். கல்யாணப் பத்திரிகை ஓரம் மாதிரி நன்றாகவே இருந்தது. ஸ்கேனரைக் காட்டினால் மூச்சுப் பேச்சில்லை.

ஸ்கேனர் வீசுவது சிவப்பு வெளிச்சம். வெள்ளை இடம் அதைத் திருப்பி அனுப்பும், கறுப்புக் கோடு விழுங்கிவிடும்; திரும்பி வருவதையும் வராததையும் வைத்துத்தான் அது எண்ணைப் படிக்கிறது. சிவப்புக் கோடும் சிவப்பு வெளிச்சத்தைத் திருப்பித்தான் அனுப்பும் என்பதால் மாமாவின் ஸ்டிக்கர் அதற்கு வெறுங்காகிதம். ஆனால் மஞ்சளும் வெள்ளை போலவே திருப்பி அனுப்புமே! மஞ்சள் காகிதத்தில் கறுப்புக் கோடு என்று சமாதானம் ஆயிற்று. அந்தக் கடையில் இன்றைக்கும் ஸ்டிக்கர் மஞ்சள்தான்.

அதற்கு முன்னால் இருந்தது நூல் கட்டிய அட்டை. விற்கிற விலை நடுவில் பெரிதாக இருக்கும். மூலையில் பொடி எழுத்தில் 'சிருடு' என்றோ 'னாவேய' என்றோ ஏதோ கிறுக்கியிருக்கும். வாங்க வந்தவர்கள் அதை நெய்தவர் பெயர் என்றுகூட நினைத்திருப்பார்கள். அது அடக்க விலை. 'மீனாட்சியருள் வேண்டு' என்பது கடையின் குறிச்சொல். ஒரு எழுத்துகூடத் திரும்ப வராத பத்து எழுத்து. மீ என்றால் ஒன்று, னா இரண்டு, கடைசி டு பூஜ்யம். 'சிருடு' என்றால் 460. ஒவ்வொரு கடைக்கும் ஒரு சொல் உண்டு. பக்கத்துக் கடைக்காரருக்குத் தெரியாது, சேல்ஸ்மேன்களுக்கு மனப்பாடம். இப்போது அதை யாரும் எழுதுவதில்லை என்பதால் சொல்வதில் துரோகம் ஒன்றும் இல்லை.

மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டுக்குள் கையை விட்டு விரல் பிடித்து விலை பேசுவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இராது. நாலு பேர் நடுவில், நாலு பேருக்கும் தெரியாமல் எண்ணைக் கைமாற்றும் வித்தை. ஜவுளிக்கடையில் அந்தத் துண்டுதான் அட்டையின் மூலை. "கடைசியா என்ன விலை?" என்று அம்மாக்கள் கேட்கும்போது கடையின் மூத்த சேல்ஸ்மேன் சேலையை ஒரு முறை திருப்பிப் போடுவார். முந்தானையைக் காட்டுவதற்காக இல்லை, மூலையைப் பார்ப்பதற்காக. அடுத்த நொடி அவருக்கு எதுவரை இறங்கலாம் என்று தெரிந்துவிடும். முதலாளியைக் கேட்க வேண்டியதில்லை. அவர் அளவில் அவரும் ஒரு முதலாளி.

பார்கோடு வந்து எடுத்துக்கொண்டது அதைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. கணக்கு, வேகம், தப்பில்லாத பில் எல்லாம் இரண்டாவது. பழைய அட்டை வாங்குகிறவரிடம் மறைத்தது, விற்கிறவருக்குச் சொன்னது. புது ஸ்டிக்கர் வாங்குகிறவருக்கு விலையைப் பளிச்சென்று சொல்லிவிட்டு, விற்கிறவரிடம் அடக்கத்தை மறைத்துவிட்டது. கோட்டுக்குள் விலையே கிடையாது, வெறும் எண். அந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்பது கம்ப்யூட்டரில் இருக்கிறது. அதன் பாஸ்வேர்டு மச்சானிடம் இருக்கிறது. "அடக்கம் தெரியாம எப்படிப்பா யாவாரம் பண்றது? கண்ணைக் கட்டி விட்ட மாதிரில்ல இருக்கு" என்றார் மூத்தவர். மச்சான் சிரித்துக்கொண்டு, "இனிமே பேரமே கிடையாதுண்ணே, போட்ட விலைதான்" என்றான்.

ஜோசப் உட்லண்ட் என்பவரும் பெர்னார்ட் சில்வரும் இதைக் கண்டுபிடித்தபோது பேரத்தை ஒழிப்பது அவர்கள் எண்ணத்திலேயே இல்லை. 1948இல் ஃபிலடெல்ஃபியாவில் மளிகைக் கடைகளின் முதலாளி ஒருவர், கல்லாவில் பொருளைத் தானாகப் படிக்க ஏதாவது வழி உண்டா என்று டிரெக்ஸல் கல்லூரியில் வந்து கேட்டது சில்வரின் காதில் விழுந்தது. உட்லண்ட் சாரணர் இயக்கத்தில் மோர்ஸ் தந்தி பழகியவர். மயாமி கடற்கரையில் உட்கார்ந்து மணலில் புள்ளியும் கோடும் குத்தியவர், விரல்களை அப்படியே தன் பக்கம் இழுத்தார். புள்ளி மெல்லிய கோடாகவும் கோடு தடித்த கோடாகவும் நீண்டது. 1952இல் காப்புரிமை கிடைத்தது. அதைப் படிக்கத் தோதான லேசரும் மலிவான கம்ப்யூட்டரும் வரவேண்டியிருந்ததால் இருபது வருஷத்துக்கு மேல் சும்மா கிடந்தது. சில்வர் 1963இலேயே போய்விட்டார். ஐபிஎம்மில் ஜார்ஜ் லாரர் இன்றைய கட்டம்போன்ற வடிவத்துக்குக் கொண்டுவர, 1974 ஜூன் 26 காலையில் ஓஹையோ மாநிலத்தின் டிராய் ஊரில் மார்ஷ் சூப்பர் மார்க்கெட்டில் 67 சென்ட் சூயிங்கம் ஒரு பாக்கெட் முதல் போணி ஆனது. நம் ஊர்க் கணக்கில் அது நல்ல நேரமா ராகு காலமா என்று மாமா கேட்டார். புதன்கிழமை காலை எட்டு மணி என்றேன். ராகு காலம் பகல் பன்னிரண்டுக்கு மேல்தான். திருப்தியாகத் தலையாட்டினார்.

சூயிங்கம் கம்பெனியிலிருந்தே கோடோடு வந்துவிடும். திருப்பூர் பனியனும் அப்படி, 890 என்று ஆரம்பிக்கும் பதின்மூன்று இலக்கத்தோடு. (890 இருந்தால் இந்தியாவில் செய்தது என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதை நம்ப வேண்டாம். எண்ணைக் கொடுத்தது ஜிஎஸ்1 இந்தியா என்பதுதான் அதற்கு அர்த்தம், பொருள் எங்கே செய்ததாகவும் இருக்கலாம்.) சேலை அப்படி வராது. சூரத் பேலும் இளம்பிள்ளைப் பண்டலும் சின்னாளபட்டி சுங்குடியும் மொட்டையாகத்தான் லாரி ஆபீஸிலிருந்து வந்து இறங்கும். கடைதான் பேர் வைக்க வேண்டும்.

அங்கேதான் எல்லாக் குழப்பமும். ஒவ்வொரு சேலைக்கும் தனி எண்ணா, ஒரு டிசைனுக்கு ஒரே எண்ணா? பட்டுக்குத் தனித்தனி, மற்றதுக்கு டிசைன் வாரியாக என்று வைத்தார்கள். சரியான முடிவுதான். ஆனால் ஆறு நிறத்தில் ஆறு எண் போட்டு வைத்த பாவாடையில், பில் போடும் பெண் அவசரத்துக்கு ஒன்றை மட்டும் ஸ்கேன் செய்து மூன்று என்று அடித்துவிடுவாள். வாங்கியவர் எடுத்தது மெரூன், பச்சை, சந்தனம். கம்ப்யூட்டரில் மூன்றும் மெரூன். பணம் சரி, மொத்தம் சரி, ரேக்கில் மட்டும் எதுவும் சரியில்லை. இரண்டு மாதத்தில் மெரூன் தீர்ந்துவிட்டதாக நினைத்து மச்சான் மெரூனுக்கே ஆர்டர் போடுவான். மேல் தட்டில் மெரூன் குவிந்துகிடக்கும். தீபாவளிக் கூட்டத்தில் அந்தப் பெண்ணைத் திட்டவும் முடியாது. கவுண்டரில் வரிசை வாசல் தாண்டி நிற்கும்.

மார்ச் கடைசியில் ஸ்டாக் எடுக்கிற ராத்திரிகளுக்கு நானும் போவேன். பழைய காலத்தில் ஒருத்தர் ரேக்கிலிருந்து கூவ, இன்னொருத்தர் நோட்டில் எழுத, விலைவாரியாக இத்தனை உருப்படி என்று போகும். பரோட்டா வரும், டீ வரும், விடியும்போது கூவினவர் குரல் போயிருக்கும். வந்த மொத்தத்தோடு கணக்கப்பிள்ளை பேரேட்டை வைத்துப் பார்ப்பார். கொஞ்சம் இடித்தால் சேதாரம் என்று எழுதி முடிப்பார். பார்கோடு வந்தபிறகு கூவல் போய், கடை முழுக்கக் கீச் கீச் என்று சத்தம். பொழுது விடிவதற்குள் முடிந்துவிடும். வேலை அதற்கப்புறம்தான் ஆரம்பிக்கும். இருக்க வேண்டியது இல்லை என்று ஒரு பட்டியல், இருக்கக் கூடாதது இருக்கிறது என்று ஒரு பட்டியல். மச்சான் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பான். ஒரே விலையில் இங்கே ஒன்று குறைந்து அங்கே ஒன்று கூடினால் ஸ்டிக்கர் மாறி ஒட்டியது. ஆயிரத்து எண்ணூறு ரூபாய்ச் சேலை குறைந்து நானூறு ரூபாய்ச் சேலை கூடினால் யாரோ வேண்டுமென்றே மாற்றி ஒட்டி எடுத்துப் போயிருக்கிறார்கள். கூடவும் இல்லாமல் குறைந்தே போனால் அதற்கு வேறு பெயர்.

ஸ்டிக்கர் ஒட்டும் மேஜையில் சரக்கோடு வந்த பில்லைப் பார்த்து ஒழுங்காக ஒட்டிவிட்டால் பாதிப் பட்டியல் வரவே வராது. ஸ்கேனரில் கைவைத்தவர்களுக்கு நல்ல சம்பளம், ஒட்டுகிற மேஜைக்குப் புதிதாக வந்த பிள்ளைகள் என்று வைப்பது எல்லாக் கடையிலும் இருக்கிறது. தலைகீழாக வைக்க வேண்டும் என்பது என் கட்சி.

கோட்டுக்குள் விலை இல்லை என்பதற்கு எங்கள் தெரு சூப்பர் மார்க்கெட்டில் இன்னொரு பக்கம் உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் சோப்பு, ஷாம்பு, பற்பசைக்கு ஜிஎஸ்டி 18 சதவீதத்திலிருந்து 5 ஆனது. அதே சோப்பு, அதே கோடு, பழைய எம்ஆர்பி ஒன்று, புது எம்ஆர்பி ஒன்று. கம்பெனி விலையை மாற்றுகிற போதெல்லாம் எப்போதும் நடப்பதுதான், அந்த மாதம் கடை முழுக்க ஒரே நேரத்தில் நடந்தது. ஸ்கேன் செய்தால் திரையில் இரண்டு விலை வந்து எது என்று கேட்கும். பில் போடும் அண்ணன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, சோப்பைத் திருப்பித் திருப்பிப் பொடி எழுத்தைத் தேடுவார். அவர் திருப்புவதைப் பார்க்கும்போது எனக்கு மூத்த சேல்ஸ்மேன் ஞாபகம்தான் வரும்.

மூத்தவர் சும்மா இருக்கவில்லை. ஒரு ஸ்டாக் ராத்திரியில் மஞ்சள் ஸ்டிக்கர் ஒன்று உரிந்து என் விரலில் ஒட்டிக்கொண்டது. பின்பக்கத்து அட்டையில் பால்பாயின்ட் பேனாவில் 'னாவேய'. பேல் பிரிக்கும்போது பில்லைப் பார்த்து எழுதி வைத்திருக்கிறார். ஒன்றிரண்டில் இல்லை, அந்த ரேக் முழுக்க. மச்சானிடம் காட்டினேன். "தெரியும், விடு" என்றான். பேரம் கிடையாது என்று போர்டு மாட்டிய கடையில் மூத்தவரிடம் மட்டும் பழைய வாடிக்கைகள் பேரம் பேசினார்கள், மச்சான் தள்ளுபடி என்று தனியாக ஒரு கட்டம் போட்டு அதைக் கணக்கில் எடுத்துக்கொண்டான்.

பழைமைக்காக நான் உருகுகிறேன் என்று நினைக்க வேண்டாம். கம்ப்யூட்டர் கொடுத்த ஒரு பட்டியலுக்காகவே அத்தனையையும் பொறுத்துக்கொள்ளலாம். எந்தச் சரக்கு வந்து எத்தனை நாள் ஆயிற்று என்ற பட்டியல். முன்பெல்லாம் ஆடித் தள்ளுபடிக்கு எதைப் போடுவது என்பது மாமாவின் கண்ணை நம்பித்தான். கண்ணுக்கு எதிரே இருப்பதுதான் கண்ணில் படும்; அடித்தட்டில் கிடப்பது மூன்று ஆடியையும் தாண்டிக் கிடக்கும். முதல் பட்டியலைப் பார்த்துவிட்டு மாமா ஒரு நாள் முழுக்க யாரோடும் பேசவில்லை. நன்றாகப் போகிறது என்று அவர் சத்தியம் செய்யும் ஒரு ரகம் அதில் பக்கம் பக்கமாக இருந்தது.

ஒரு வரியில் மட்டும் அவர் ஜெயித்தார். கறுப்பு, நீலம், காவி வேட்டிகள் மாதக்கணக்கில் அசையவில்லை, ஆடியில் தள்ளிவிடலாம் என்றது பட்டியல். "கார்த்திகை ஒண்ணாந்தேதி சபரிமலைக்கு மாலை போடுறவன் எங்கடா போவான்?" என்றார் மாமா. சாஃப்ட்வேர்க்காரப் பையனைக் கூப்பிட்டார்கள். சீசன் என்று ஒரு கட்டம் சேர்க்க வேண்டும், ஐயாயிரம் ஆகும் என்றான்.

"அதுல உனக்கு அடக்கம் எவ்வளவு தம்பி?"

"சார், இது சாஃப்ட்வேர் சார். அடக்கம்னு ஒண்ணும் கிடையாது."

"அப்ப மூவாயிரத்துக்குப் போடு" என்றார் மாமா.