செக்கிங் மேசையும் நுண்ணோக்கியும்

திருப்பூர்ப் பெண்களாகிய எங்களுக்குச் 'செக்கிங்' என்ற சொல் புதிதன்று. எங்கள் அம்மாக்களும் அக்காக்களும் பனியன் துணியை விளக்கொளியில் விரித்து, ஓட்டை உண்டா, கறை உண்டா என்று தேடுகிறார்கள். புற ஊதா விளக்கின் கீழ் வெள்ளைத் துணி நீலமாய் ஒளிர்வதையும் கண்டு வியந்திருக்கிறோம்.

அந்த ஒளிர்தலே காசநோய்க் கிருமியையும் காட்டிக் கொடுக்கிறது! துணிக்கு மஞ்சள் ஏற்றப் பயன்பட்ட ஆரமைன் சாயத்தைச் சளியில் ஏற்றி, ஒளிர் நுண்ணோக்கியின் நீல ஒளியில் பார்த்தால், இருண்ட பின்னணியில் கிருமிகள் மஞ்சளாய் மின்னும். குறைந்த உருப்பெருக்கமே போதுமாதலால் ஒரே பார்வையில் அதிக இடம் தெரியும், நேரமும் மிச்சம்.

1956-இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், இந்நோயை வீட்டிலிருந்தே மருந்தால் குணப்படுத்தலாம் என்று உலகுக்குக் காட்டியது. ஆனால் மருந்து கொடுக்க, முதலில் கிருமியைக் கண்டுபிடிக்க வேண்டுமே!

ஓர் ஆய்வுக்கூடத்திற்கு இக்கருவியை எப்படித் தேர்ந்தெடுப்பது? முதலில் விளக்கு. பாதரச விளக்கு சில நூறு மணி நேரமே உழைக்கும், எல்.இ.டி. பல்லாயிரம் மணி நேரம் எரியும். 2011-இல் உலக சுகாதார நிறுவனமும் எல்.இ.டி.யையே பரிந்துரைத்தது. அடுத்து லென்சும் ஒளி வடிகட்டியும். பழுது பார்க்க ஆள் கிடைப்பாரா என்பதும். எல்லாவற்றிற்கும் மேலாக, முடிவு தெரிந்த ஸ்லைடுகளை, அதைச் சொல்லாமல், பழைய கருவியிலும் புதியதிலும் பார்க்கச் செய்து, எத்தனை தவறின என்று எண்ண வேண்டும்.

துணியில் ஓட்டை தவறினால் ஒரு பனியன் திரும்பி வரும். கிருமி தவறினால் ஒரு தாய் நோயோடு தம் பிள்ளைகளிடம் திரும்புவார். விலையைப் பார்க்குமுன் இதையன்றோ நினைக்க வேண்டும்!