சம்பளத்துக்குத் தாங்களே வரம்பு வைத்த ஆசிரியர்கள்

 

இன்று அக்டோபர் 29. டெல்லி ஜாமியா மில்லியா இஸ்லாமியா பல்கலைக்கழகம் தொடங்கிய நாள். நம்மில் பலர் அதன் பெயரைச் செய்திகளில் மட்டும் கேட்டிருப்போம். எனக்கு அது பாடப்புத்தகம் வழியாக அறிமுகம். ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் ஆதாரக் கல்வி பற்றிப் படித்தோம். 1937-இல் காந்தியடிகள் வார்தாவில் கூட்டிய மாநாடு, பாடத்திட்டம் வகுத்த குழுவின் தலைவர் டாக்டர் ஜாகிர் உசேன் என்று மனப்பாடம் செய்து தேர்வு எழுதினோம். பின்னாளில் குடியரசுத் தலைவரான அவர், அதற்கு முன் 22 ஆண்டுகள் ஜாமியாவின் துணைவேந்தராக இருந்தவர். அந்தக் கதையை ஓய்வுக்குப் பிறகுதான் பொறுமையாகப் படித்தேன்.

1920. ஒத்துழையாமை இயக்கக் காலம். பிரிட்டிஷ் அரசின் உதவி பெறும் கல்லூரிகளை விட்டு வெளியேறுங்கள் என்று காந்தியடிகளும் அலி சகோதரர்களும் அழைத்தார்கள். அலிகர் கல்லூரியிலிருந்து ஒரு பகுதி மாணவர்களும் ஆசிரியர்களும் வெளியே வந்தார்கள். அவர்களுக்காகப் பிறந்ததுதான் ஜாமியா. ஹக்கீம் அஜ்மல்கான் வேந்தர், மௌலானா முகமது அலி துணைவேந்தர். கூடாரங்களில் வகுப்பு நடந்தது.

இரண்டே ஆண்டில் ஒத்துழையாமை இயக்கம் நிறுத்தப்பட்டது. 1924-இல் துருக்கியில் கிலாபத் பதவியே ஒழிந்தது. அந்த இயக்கத்தின் நிதியை நம்பியிருந்த ஜாமியா தள்ளாடியது. மூடிவிடலாம் என்றே பலர் சொன்னார்கள். 1925-இல் டெல்லி கரோல்பாக்குக்கு இடம் மாறியது. ஜெர்மனியில் படித்துக்கொண்டிருந்த ஜாகிர் உசேன், முஜீப், ஆபித் உசேன் என்ற மூன்று இளைஞர்கள் 1926-இல் வந்து சேர்ந்தார்கள். நினைத்திருந்தால் நல்ல சம்பளத்தில் வேறு எங்கும் போயிருக்கலாம். 1927 முடியும்போது, கைக்காசைப் போட்டு நிறுவனத்தை நடத்திய அஜ்மல்கானும் காலமானார்.

1928-இல் ஆசிரியர்கள் ஒன்றுகூடி ஒரு சங்கம் அமைத்தார்கள். இருபது ஆண்டுகள் இங்கேயே பணியாற்றுவோம், மாதம் 150 ரூபாய்க்கு மேல் சம்பளம் வாங்கமாட்டோம் என்று உறுதி எடுத்தார்கள். அந்தத் தொகைகூட ஒழுங்காகக் கைக்கு வராத மாதங்கள் உண்டு. ஊர் ஊராகச் சென்று பொதுமக்களிடம் சிறு சிறு நன்கொடை திரட்டினார்கள்.

1935-இல் யமுனைக் கரையில் ஓக்லாவில் புதுக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். நாட்டியது யார் தெரியுமா? பள்ளியிலேயே வயதில் மிகச் சிறிய மாணவன்! தலைவர்களுக்கு அந்த நாளில் பஞ்சமே இல்லை. இருந்தும் குழந்தையின் கையில் கல்லைக் கொடுத்தார்களே, அங்கேதான் அவர்கள் ஆசிரியர்கள்.

கெர்டா பிலிப்ஸ்போர்ன் என்ற யூதப் பெண்மணி ஜெர்மனியிலிருந்து வந்து அங்கே சிறு பிள்ளைகளுக்காக உழைத்தார். பிள்ளைகள் அவரை அக்கா என்று அழைத்தார்கள். 1943-இல் இறந்தவரை ஜாமியாவின் அடக்கத்தலத்திலேயே அடக்கம் செய்தார்கள். இஸ்லாமியா என்ற பெயர் தாங்கிய நிறுவனம் யாரையெல்லாம் தன்னவராக ஏற்றது என்பதற்கு இது போதும். நாடே மதத்தால் பிளந்து நின்ற 1946-இல், அதன் வெள்ளி விழா மேடையில் காங்கிரஸ் தலைவர்களும் முஸ்லிம் லீக் தலைவர்களும் ஒன்றாக உட்கார்ந்தார்கள்.

1962-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம், 1988-இல் மத்தியப் பல்கலைக்கழகம். இன்று பொறியியல், சட்டம், பல் மருத்துவம், ஊடகக் கல்வி எல்லாம் அங்கே உண்டு. ஜாகிர் உசேனும் அந்த வளாகத்தில்தான் உறங்குகிறார்.

இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. தனியார் பள்ளியில் வேலை பார்க்கும் என் பழைய மாணவி போன வாரம் போனில் பேசினாள். "டீச்சர், சம்பளம் கூட்டிக் கேட்டால், ஆசிரியர் பணி அறப்பணி, காசை நினைக்கக் கூடாது என்கிறார்கள்" என்று அழுதாள். அவளுக்கு ஜாமியா கதையைச் சொல்ல எனக்கு முதலில் தயக்கம். நிர்வாகத்தின் பேச்சுக்கு இது பக்கவாத்தியம் ஆகிவிடுமோ என்று.

யோசித்துப் பார்த்தால் இரண்டும் ஒன்றல்ல. ஜாமியாவில் வரம்பு வைத்தவர்கள் ஆசிரியர்களே. துணைவேந்தரும் அந்த உறுதிக்குள் அடக்கம். நிறுவனம் அவர்கள் கையில் இருந்தது. லாபம் என்று எடுத்துப்போக அங்கே யாரும் இல்லை. தானே முன்வந்து கொடுப்பது தியாகம். மேலே இருப்பவர் கீழே இருப்பவரிடம் பிடித்துவைப்பதற்குத் தியாகம் என்று பெயர் சூட்டக் கூடாது. ஆகவே, மகளே, உன் சம்பளத்தைத் தலை நிமிர்ந்து கேள். அது உன் உரிமை.

பள்ளி நடத்தும் என் மாணவர்களும் இதைப் படிப்பீர்கள். அறப்பணி என்று சொல்லுமுன், அந்த வரம்பை உங்களுக்கும் வைத்துக்கொண்டீர்களா என்று பாருங்கள். உங்களிடம் இதைக் கேட்க எனக்கு உரிமை உண்டு என்று நம்புகிறேன்.