முதலில் யாரை அழைப்பீர்கள்?

பங்குத்தந்தையின் இல்லக் கதவு நள்ளிரவில் தட்டப்படுவது புதிதன்று. அந்த ஓசை கேட்டதும் எழுந்து, நோயாளர் எண்ணெய்ச் சிமிழை எடுத்துக்கொண்டு புறப்படுவது, குருத்துவ வாழ்வில் நமக்குப் பழகிப்போன ஒன்று. சில ஆண்டுகளுக்கு முன், மார்கழி மாத இரவொன்றிலும் அவ்வாறே புறப்பட்டோம்.

"சாமி, அப்பாவுக்கு நெஞ்சு வலிக்குது, சீக்கிரம் வாங்க" என்று மூச்சிரைக்க வந்து நின்றான் ஓர் இளைஞன். வீட்டினுள் உற்றாரும் அண்டை அயலாரும் நிறைந்திருந்தனர். வாயுக் கோளாறு என்று எண்ணி அவர்கள் கொடுத்த சோடாவும் ஓமத் தண்ணீரும் கட்டிலருகே இருந்தன. குடும்பத் தலைவரின் உடல் வியர்வையில் நனைந்திருந்தது. அவருக்கு ஏறத்தாழ நமது வயதுதான். பாவசங்கீர்த்தனம் கேட்டோம், எண்ணெய் பூசினோம், அமைதியாகச் செபங்களை முடித்தோம். அதன் பின்னரே, "ஆம்புலன்சுக்குச் சொல்லிவிட்டீர்களா?" என்று கேட்கத் தோன்றியது.

மகன் மாமனைப் பார்த்தான். மாமன் பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்தார். ஒவ்வொருவரும் மற்றவர் சொல்லியிருப்பார் என்று நினைத்திருந்தனர். "சாமி வந்து போகட்டும்னு இருந்தோம்" என்றார் ஒரு பெரியவர். வலி தொடங்கி அப்போது ஒரு மணி நேரத்துக்கு மேலாகியிருந்தது. நமது அங்கியின் பையிலும் ஒரு கைபேசி இருந்தது என்பதை இங்கே மறைக்காமல் எழுதுகிறோம்.

மருத்துவமனையில் மருத்துவர் கேட்டது ஒரே கேள்வி: "வலி எத்தனை மணிக்கு ஆரம்பித்தது?" ஒருவரும் வாய் திறக்கவில்லை. விடியுமுன் அவர் இறந்தார். அடக்கம் முடிந்தபின் அவர் மனைவி நம் கைகளைப் பற்றிக்கொண்டு, "நீங்க பூசினப்புறம்தான் சாமி போனாரு, நல்ல சாவு" என்றார். அந்த நன்றியை ஏற்க நமக்கு நாவெழவில்லை. முன்னரே அழைத்திருந்தால் பிழைத்திருப்பாரா என்பதை இறைவனே அறிவார். ஆயினும் அந்த ஒரு மணி நேரத்தை நாமெல்லாரும் சேர்ந்து வீணாக்கினோம் என்பதில் ஐயமில்லை.

1935-ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரின் விம்போல் தெருவில் ஒரு வீடு தீப்பற்றி, ஐந்து பெண்கள் மாண்டனர். தீயணைப்புப் படையை அழைக்க முயன்ற அண்டை வீட்டாரைத் தொலைபேசி நிலையம் காத்திருக்க வைத்தது. அந்தத் துயரத்தின் விளைவாகவே 1937-இல் 999 என்னும் அவசர எண் அங்கே பிறந்தது. அன்று அழைத்தவருக்கு இணைப்புக் கிட்டவில்லை. இன்று நமக்கு இணைப்பு உண்டு, அழைப்பாரைத்தான் காணோம். தமிழகத்தில் 108 ஊர்தி 2008 முதல் கட்டணமின்றி ஓடுகிறது. காவல், தீயணைப்பு, மருத்துவம் அனைத்துக்கும் 112 என்னும் பொது எண்ணும் உண்டு.

எப்போது அழைப்பது? நெஞ்சில் அழுத்தும் வலி, மூச்சுத் திணறல், திடீரென வாய் கோணிப் பேச்சுக் குழறுதல், ஒரு பக்கக் கையோ காலோ செயலிழத்தல், நினைவிழத்தல், நிற்காத குருதிப்போக்கு, பாம்புக்கடி, தீக்காயம், பேறுகால வலி, சாலை விபத்து ஆகியவற்றில் ஒரு நொடியும் தயங்க வேண்டாம். விபத்தில் உதவினால் வழக்கு வருமோ என்னும் அச்சமும் தேவையில்லை; நல்லெண்ணத்தோடு உதவுபவரை 2019-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் காக்கிறது. ஆனால் சாதாரணத் தலைவலிக்கும் விளையாட்டுக்கும் அழைப்பது, வேறொருவரின் உயிர்மூச்சுக்குக் குறுக்கே நிற்பதாகும்.

எப்படி அழைப்பது? கூட்டத்தில் ஒருவர் "நான் அழைக்கிறேன்" என்று உரக்கச் சொல்லிப் பொறுப்பேற்கட்டும். மாவட்டம், வட்டம், ஊர், தெரு ஆகியவற்றை வரிசையாகச் சொல்லுங்கள். "மாதா கோயிலுக்குப் பின்னால்" என்றால் நம்மூராருக்குப் போதும். தொலைவிலிருந்து கேட்பவருக்கு எத்தனையோ மாதா கோயில்கள்! நோயாளியின் வயதையும் நிலையையும் கூறி, கேட்பவர் போதும் என்னும்வரை இணைப்பைத் துண்டிக்காதீர்கள். ஊர்தியில் வருவோர் வழி கேட்டு அழைக்கக்கூடும். ஆதலால் அதே கைபேசியில் உறவினருக்குச் செய்தி சொல்லிக்கொண்டிராதீர்கள். முதன்மைச் சாலையிலுள்ள குருசடியருகே ஒருவரை விளக்கோடு நிறுத்துங்கள். உண்ணும் மருந்துகளையும் மருத்துவச் சீட்டுகளையும் எடுத்து வையுங்கள். நினைவிழந்தவரின் வாயில் தண்ணீரோ காப்பியோ ஊற்றாதீர்கள்.

அதன்பின் எம்மை அழையுங்கள், ஓடி வருவோம். ஊர்தி முந்திவிட்டால் மருத்துவமனைக்கே வந்து பூசுவோம். நம் பெரியோர் இந்த அருட்சாதனத்தை 'அவஸ்தைப்பூசுதல்' என்றே அழைத்து, மரணத்தின் முன்னறிவிப்பாக எண்ணிவிட்டனர். 1963-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், இது சாகுந்தறுவாயில் இருப்போருக்கு மட்டும் உரியதன்று என்று தெளிவாக்கியது. மருத்துவரும் இறைவனின் படைப்பே. அவருக்குரிய இடத்தைக் கொடு என்பதே சீராக் நூலின் 38-ஆம் அதிகாரம் தரும் பாடம். மருத்துவரை முந்தி அழைத்தால் விசுவாசம் குறைந்துவிடாது.

நல்ல சமாரியன் உவமையை எத்தனையோ முறை மறையுரையில் விளக்கியிருக்கிறோம். அதில் வரும் குரு விலகிப் போனார். நாம் விலகிப் போகவில்லை. எண்ணெயோடு நெருங்கித்தான் சென்றோம். ஆனால் சமாரியன் எண்ணெய் வார்த்ததோடு நிற்கவில்லை. அடிபட்டவனைத் தன் விலங்கின்மேல் ஏற்றி, சத்திரத்துக்குக் கொண்டுபோனான். அன்றிரவு நாம் மறந்துபோனது அந்த இரண்டாம் பாதியை.

இப்போது நள்ளிரவில் கதவு தட்டப்பட்டால், சிமிழை எடுக்குமுன் நாம் கேட்பது ஒன்றே: "108-க்குச் சொல்லியாயிற்றா?" இல்லையெனில் வாசற்படியில் நின்றே நாம் அழைத்துவிட்டு, அதன்பின் செருப்பை மாட்டுகிறோம்.

அன்புள்ள பெற்றோரே, இன்றிரவு குடும்பச் செபமாலை முடிந்ததும் பிள்ளைகளை அருகே அழையுங்கள். அந்த எண்ணையும், உங்கள் வீட்டுக்கு வரும் வழியையும் அவர்கள் வாயால் ஒருமுறை சொல்லச் சொல்லிக் கேளுங்கள். அவர்கள் தடுமாறினால், தெளிவாகச் சொல்லும்வரை திருத்திக் கொடுங்கள்.