கந்தப்போர்வை

சின்ன வயதில் அது முருகனுடைய போர்வை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். பாட்டி அதைக் 'கந்தப்போர்வை' என்பார். எங்கள் தோட்டத்துக் கோயிலில் இருந்ததும் முருகன். காய்ச்சல் வந்தால் பாட்டி திருநீறு பூசிவிட்டு அதைத்தான் போர்த்திவிடுவார். கந்தனுக்கும் காய்ச்சலுக்கும் ஏதோ கணக்கு இருப்பதாக நானே முடிவு செய்துகொண்டேன். அது கந்தை என்பது நாலாம் வகுப்பில்தான் புரிந்தது. புரிந்ததிலிருந்து அதைப் போர்த்திக்கொள்ளக் கூச்சம் வந்துவிட்டது.

லூனாஸ் பட்டணத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் கால் மணி நேரம் போனால் எங்கள் லயம். இப்போது அங்கே செம்பனை நிற்கிறது. அப்போது பால்மரம். பாட்டி, அம்மா இருவரும் மரம் வெட்டியவர்கள். வேலைக்குப் போகும்போது சாரோங்கின் மேல் ஆண்களுடைய பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொள்வார்கள். துணியில் பால் பட்டால் போகாது. காய்ந்து, கறுத்து, அட்டை மாதிரி ஆகிவிடும். அப்படிப்பட்ட சட்டையைக் கரித்துணியாகக்கூடப் பயன்படுத்த முடியாது. பாட்டி அதையும் விடமாட்டார். முன்பக்கத்தையும் கைகளையும் வெட்டி எறிந்துவிட்டு, பால் படாத முதுகுத் துணியை மட்டும் எடுத்து வைத்துக்கொள்வார். போர்வையின் சதுரங்கள் பெரும்பாலும் முதுகுகள்தான்.

மற்றது சேலை. கிழிந்த சேலையை நான்காக மடித்துப் பாயில் விரித்து, ஒட்டுகளை மேலே பரப்பி, ஓரத்திலிருந்து உள்நோக்கி நூலோட்டம் போட்டுக்கொண்டே வருவார். கோதுமை மாவுச் சாக்கின் வாயைத் தைத்திருக்கும் நூல் இருக்கிறதே, சரியான முனையைப் பிடித்து இழுத்தால் முழுதும் ஒரே இழுப்பில் கையோடு வந்துவிடும். அதுதான் தையல் நூல். மேல்துணி நைந்துபோனால் பிரிக்கமாட்டார். அதன்மேலேயே இன்னொரு சேலையைப் போட்டுத் தைத்துவிடுவார். அதனால் போர்வை வருடா வருடம் கனத்துக்கொண்டே போனது. துவைத்தால் இரண்டு பேர் பிடித்துத்தான் பிழிய வேண்டும். அடியில் எத்தனை சேலைகள் இருந்தன என்று யாருக்கும் தெரியாது.

பின்னாளில் படித்தபோதுதான் இது ஏதோ எங்கள் லயத்து ஏழ்மையின் கண்டுபிடிப்பு இல்லை என்று தெரிந்தது. வங்காளத்தில் காந்தா. நம் 'கந்தை'க்கும் அதற்கும் வேர் ஒன்றுதான். வடகர்நாடகத்தில் கௌதி, மராத்தியில் கோதடி, தெலுங்கில் பொந்த, சிந்துவில் ரல்லி. எல்லாமே பழைய துணியை அடுக்கி ஓட்டிய தையல். மலாய்க்காரர்கள் 'சந்தும் செரிபு' என்கிறார்கள், ஆயிரம் ஒட்டு. சீனர்களிடம் நூறு வீடுகளில் துணி வாங்கிக் குழந்தைக்குப் போர்வை தைக்கும் வழக்கம் உண்டு. வங்காளிகள் காந்தாவை வைத்துக் காவியமே எழுதிவிட்டார்கள். ஜசிமுதீனின் 'நக்ஷி காந்தார் மாத்' 1929இல் வந்தது. நாம் கந்தையை வைத்துப் பழமொழி சொன்னதோடு நிறுத்திக்கொண்டோம். அதுவும் கசக்கிக் கட்டச் சொல்லும் புத்திமதி.

என்னை அதிகம் தொந்தரவு செய்தது அமெரிக்காவின் அலபாமாவில் உள்ள ஜீஸ் பெண்ட். ஆற்று வளைவுக்குள் மாட்டிக்கொண்ட ஊர். ஒரு காலத்தில் பருத்தித் தோட்டம். அங்கே இருப்பவர்கள் அடிமைகளாக இருந்தவர்களின் வாரிசுகள். பலருக்கு இன்றும் குடும்பப் பெயர் பெட்வே, அதாவது பழைய தோட்ட முதலாளியின் பெயர். வயலில் உழைத்து நைந்த கால்சட்டைகளை வெட்டி அந்தப் பெண்கள் தைத்த போர்வைகள் 2002இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தின் சுவரில் ஏறின. 2006இல் அமெரிக்கத் தபால்தலைகளாகவும் வந்தன. அவற்றில் ஒன்றைத் தைத்தவர் மிசௌரி பெட்வே. கணவர் இறந்த பிறகு, 1942இல், அவருடைய வேலைத் துணிகளையே வெட்டித் தைத்துப் போர்த்திக்கொண்டார். முழங்கால் இருந்த இடம் வெளுத்திருப்பது படத்திலேயே தெரிகிறது.

அதே 1942இல் நம் பக்கத்திலும் போர்வை தைத்தார்கள். சிங்கப்பூர் சாங்கி சிறையில் ஜப்பானியர்கள் அடைத்து வைத்திருந்த வெள்ளைக்காரப் பெண்கள். எதெல் முல்வனி என்ற கனடியப் பெண்மணியின் யோசனை அது. ஒவ்வொருவரும் ஒரு சதுரத்தில் ஏதாவது பூவேலை செய்து தன் பெயரையும் தைக்க வேண்டும். ஒரு போர்வைக்கு 66 சதுரம். இன்னொரு முகாமில் இருந்த கணவன்மார்களுக்குத் தாங்கள் உயிரோடு இருப்பதைத் தெரிவிக்க அவர்களுக்கு வேறு வழியில்லை. மூன்று போர்வைகள் தைத்தார்கள். காவலர்கள் தடுக்கக்கூடாதே என்று அதில் ஒன்று காயம்பட்ட ஜப்பானியச் சிப்பாய்களுக்கு. அதுவும் ஆஸ்திரேலியருக்கென்று தைத்ததும் இப்போது கான்பராவில் போர் நினைவகத்தில் இருக்கின்றன. பெயர்களைப் படிக்கலாம். பின்னால் இருக்கும் கதைகளையும் தேடி எடுத்துவிட்டார்கள்.

அவர்களைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. அவர்களும் பட்டினி கிடந்தவர்கள்தான். ஆனால் அந்தப் பெயர்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது வயிறு எரிந்தது உண்மை.

காரணம், நான் எரித்த போர்வை.

2003இல் பாட்டி இறந்தார். மறுவருடம் தோட்டத்தை விட்டு லூனாஸில் தாமான் வீட்டுக்கு வந்தோம். எனக்குப் பதினேழு வயது. லோரிக்காரர் இரண்டு நடைதான் வருவேன் என்றுவிட்டார். எதை ஏற்றுவது, எதை விடுவது என்பது என் பொறுப்பு. புது வீட்டில் டைல்ஸ் தரை, நண்பர்கள் வருவார்கள். அந்தப் போர்வையில் பால் வாடை அடித்தது. எத்தனை முறை துவைத்தாலும் போகாத புளித்த வாடை. லயத்துக்குப் பின்னால் குப்பை எரிந்துகொண்டிருந்தது. தூக்கிப் போட்டேன். கனமான துணி, சீக்கிரம் பிடிக்கவில்லை. ஒரு குச்சியால் கிளறிவிட்டது நினைவிருக்கிறது.

அன்று இரவு அம்மா கேட்டார். "பாட்டி போர்வ எங்கடா?"

"குப்பையில போட்டாச்சி."

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. மூட்டையைப் பிரித்து வேறு ஒரு போர்வையை எடுத்து உதறினார்.

2019இல் பாடாங் செராயில் ஒரு கல்யாண வீடு. பாட்டியின் தங்கை, எங்களுக்குச் சின்னப்பாட்டி, எண்பதைத் தாண்டியவர், என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். "அக்கா போர்வய பத்திரமா வச்சிருக்கீங்களா தம்பி?"

பொய் சொன்னேன். "இருக்கு பாட்டி."

"வச்சிக்கங்க. அதுக்குள்ள எங்கப்பா சட்ட இருக்கு."

பிறகு சொன்னார். சப்பான்காரன் காலத்தில் தோட்டத்துக்கு ஆள் பிடிக்க வந்தார்கள். சயாமில் ரயில் ரோடு போடுகிற வேலை என்று அவர் அப்பாவைக் கூட்டிப்போனார்கள். அவரிடம் இருந்தது ஒரே ஒரு நல்ல சட்டை. காட்டு வேலைக்கு எதற்கு என்று கழற்றி வைத்துவிட்டுப் போனார். துணி கிடைக்காத காலம் அது. சனங்கள் சாக்கைக் கட்டிக்கொண்டு திரிந்தார்கள். "ஒரு சட்டய குடுத்தா ஒரு வாரத்துக்குக் கெழங்கு வாங்கலாம். நாங்க பசியில அழுவோம். அம்மா குடுக்க மாட்டேன்னுச்சி. கண்ணுல பட்டாத்தானே விக்கத் தோணும்னு போர்வைக்குள்ள வச்சித் தச்சிடுச்சி. அந்த ஒரு மூலையில மட்டும் தையலு லூசா இருக்கும் பாரு. அப்பா வந்தா பிரிச்சிக் குடுக்கணும்ல."

அவர் வரவில்லை. அந்த 415 கிலோமீட்டர் பாதையில் எந்த இடத்தில் என்று யாருக்கும் தெரியாது. மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர்களில் பல்லாயிரம் பேருக்கு அப்படித்தான். நேச நாட்டுச் சிப்பாய்களுக்குக் காஞ்சனபுரியில் வரிசை வரிசையாகக் கல்லறைகள் இருக்கின்றன. நம் ஆட்களுக்கு அப்படிப் பெயர் போட்ட வரிசை கிடையாது. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயி'லையும் அ. ரெங்கசாமியின் 'நினைவுச்சின்ன'த்தையும் நான் அதற்கு முன்பே படித்திருந்தேன். இலக்கியக் கூட்டத்தில் பேசியும் இருக்கிறேன். நல்ல பேச்சு என்று நாலு பேர் சொன்னார்கள். அன்றைக்கு என் பூட்டனைப் பற்றி எனக்கு ஒரு வரி தெரியாது.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டேன். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"போர்வைக்குள்ள சட்ட இருந்தது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"ஏன்மா அன்னைக்குச் சொல்லல?"

"சொன்னா? எரிஞ்சது திரும்ப வந்துருமா? நீ சின்னப் பையன், மனசுல வச்சிக்கிட்டு அலைவ."

பதினைந்து வருடம் அம்மா அதைத் தானே வைத்துக்கொண்டு அலைந்திருக்கிறார்.

பாட்டியின் சேலைகள் மூன்று அலமாரி மேல் ஒரு பெட்டியில் இருந்தன. போன மாதம் இறக்கினேன். ஒன்றைப் பூச்சி அரித்திருந்தது. மற்ற இரண்டையும் கூடத்தில் விரித்து மடித்துப் பார்த்தேன். யூடியூபில் காந்தா தையல் பார்த்திருந்த தைரியம். முதல் வரிசை முடிவதற்குள் கோணிவிட்டது. அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நடுவுல இருந்து ஆரம்பிச்சா அப்படித்தான். ஓரத்துல இருந்து வா," என்றார். என் கையிலிருந்து ஊசியை வாங்கிப் பிரிக்க ஆரம்பித்தார்.